வீட்டுத் தோட்டத்தில் ஆவாரை



உங்கள் வீட்டு முற்றத்திலும் பள்ளித் தோட்டத்திலும் நிற்கின்ற பூச்செடிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காகிதப்பூ, நித்தியகல்யாணி, பொன்னரளி, குரோட்டன்ஸ் என்று பட்டியல் நீளும். இனி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அச்செடியின் தாயகத்தைக் குறியுங்கள். காகிதப்பூ தென் அமெரிக்காவினின்றும் வந்தது. நித்தியகல்யாணிக்குத் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. பொன்னரளி அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்தது. குரோட்டன்ஸ் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலிருந்து வந்தது. நம்முடைய மண்ணிலே, எவரும் விதைக்காமல், எவரும் நீர் ஊற்றாமல், தானாகவே பூத்துக் குலுங்குகின்ற செடி ஒன்றேனும் அப்பட்டியலில் இடம் பெற்றிருக்கிறதா? பெரும்பாலான தோட்டங்களில் இராது.

வெளிநாட்டுச் செடிகளின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. நாம் நாள்தோறும் உண்ணும் மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் கடல் கடந்து வந்தவையே. விருந்தினரை வரவேற்பது தமிழர் பண்பு. ஆனால், விருந்தினருக்குக் கூடத்தில் இடம் தந்துவிட்டு, வீட்டுப் பிள்ளையைத் தெருவில் நிறுத்துவது முறையாகுமா? அவ்வாறு தெருவில் நிற்கின்ற பிள்ளைகளில் ஒன்றாகிய ஆவாரையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆவாரையைப் பேசுவதற்கு முன், அது வாழும் நிலத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். கொங்கு நாடு மலைகள் சூழ்ந்த மேட்டுநிலம். தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் முகில்கள் தம் நீரின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பாலே பொழிந்துவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்குக் காற்று வருகிறது. மழை அவ்வளவாக வருவதில்லை. கோவைச் சமவெளியிலும் அதன் கிழக்கே காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் வட்டாரங்களிலும் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. அதே கோவை மாவட்டத்து வால்பாறையிலோ இதனினும் பன்மடங்கு மிகுதி.

இத்தகைய குறைந்த மழையில் அடர்ந்த காடு உண்டாகாது. உண்டாவது புல்வெளியும் புதர்க்காடும் கலந்த நிலமே. நம் முன்னோர் அந்நிலத்தின் இயல்பை நன்கு அறிந்து, அதனைக் கொறங்காடு ஆக்கினர். கீழே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. இம்மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. காங்கயம் காளைகளின் உறுதியான உடற்கட்டுக்குப் பின்னே இப்புல்வெளிகளின் வளம் இருக்கிறது. அமெரிக்க நாட்டார் தம் பரந்த புல்வெளியைப் பிரெய்ரி என்று பெயரிட்டுப் போற்றுகின்றனர். நம்முடைய புல்வெளிகளுக்கோ அரசு ஏடுகளில் பெரும்பாலும் கிடைத்த பெயர் தரிசு அல்லது புறம்போக்கு. பெயர் தாழ்ந்தால் மதிப்பும் தாழும். தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் எதை அழித்தாலும் கேட்பார் இல்லை.

அந்தப் பிரெய்ரிக்கும் ஒரு கதை உண்டு. உயர்ந்த புல் வளர்ந்த அமெரிக்கப் பிரெய்ரி நிலம் ஏறக்குறைய முழுவதும் உழவுக்கு உட்பட்டது; இன்று நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. அழிந்ததைக் கண்டு அறிஞர் சிலர் வாளா இருக்கவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குரிய தோட்டத்தில், உழுது கைவிடப்பட்ட வயல் ஒன்றை 1935-ஆம் ஆண்டு முதல் மீண்டும் பிரெய்ரியாக மாற்றத் தொடங்கினர். ஆல்டோ லியோபோல்டு என்னும் பேராசிரியர் அம்முயற்சியில் முன்னின்றார். வேலையற்றிருந்த இளைஞர் பலர் அங்கே புல்லையும் காட்டுப்பூச் செடிகளையும் நட்டனர். அன்று தொடங்கிய அந்த நிலம் இன்றும் கர்ட்டிஸ் பிரெய்ரி என்ற பெயரால் விளங்குகிறது. அந்நாட்டில் இன்று எத்தனையோ இல்லத்தார் தம் வீட்டின் முன் சிறிய இடத்திலேனும் பிரெய்ரிப் பூக்களை வளர்க்கின்றனர். அவர்கள் தம் புல்வெளிப் பூவுக்குச் செய்வதை நாம் நம் புல்வெளிப் பூவுக்குச் செய்ய முடியாதா?

ஆவாரை ஓர் அழகிய புதர்ச்செடி. மூன்றடி முதல் எட்டடி வரை வளரும். ஒவ்வோர் இலைக்காம்பிலும் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் வரிசையாக அமைந்திருக்கும். காம்பின் அடியில் காது மடலைப் போன்ற இரு செதில்கள் தோன்றும். இந்தக் காதுகளைக் கண்டுதான் 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்குக் காதுடையது என்ற பொருளில் ‘ஆரிக்குலேட்டா’ என்று பெயரிட்டார். அவர் இதனைக் காசியா இனத்தில் சேர்த்தார். இன்று சென்னா ஆரிக்குலேட்டா என்றே வழங்குகிறோம்.

லின்னேயஸ் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் இதனை ஆவிரை என்று அழைத்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் ஊர் நடுவே ஏறிவரும் பனைமடற் குதிரைக்கு ஆவிரம்பூ மாலை சூட்டுவதைக் குறுந்தொகை காட்டுகிறது. நம் கொங்கு நாட்டிலோ இப்பூ இன்னும் வழக்கில் உள்ளது. தைப்பொங்கலுக்கு முந்திய நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டுக் கூரையிலும் தொழுவத்திலும் தோட்டத்திலும் செருகுகின்றோம். அதுவே காப்புக் கட்டு. பொங்கலை ஒட்டிப் பெண்களும் சிறுமியரும் கூடிக் காட்டுப்பக்கம் சென்று ஆவாரம்பூப் பறிக்கும் பூநோன்பியும் நம்மிடம் உண்டு. தெலுங்கர் இதனைத் தங்கேடு என்பர். தெலங்கானத்தில் பதுக்கம்மா விழாவுக்கு இப்பூ இன்றியமையாதது. அம்மாநில அரசு 2014-இல் இதனையே மாநில மலராக ஏற்றுக்கொண்டது.

மாணவர்களே, இச்செடி விழாவுக்கு மட்டும் பயன்பட்டதன்று. ஒரு காலத்தில் இது சென்னை மாகாணத்தின் பெருந்தொழில் ஒன்றைத் தாங்கி நின்றது. ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு துவர்ப்புப் பொருள் உள்ளது. பச்சைத் தோல் அழுகாமல் காப்பது அத்துவர்ப்பே. திண்டுக்கல், ஈரோடு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிடுவோர் இப்பட்டையையே பெரிதும் நம்பியிருந்தனர். அவ்வாறு பதனிட்ட தோல் கப்பலேறி இலண்டன் சந்தை வரை சென்றது. தரிசில் தானாக முளைத்த செடியின் பட்டையை உரித்து விற்று, ஏழை மக்கள் பலர் கூலி பெற்றனர்.

பின்னர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை மலிவாக வந்து ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அப்பட்டையை நாமே விளைவிக்கலாம் என்று கருதி, ஆஸ்திரேலியத் தாயகமுடைய வாட்டில் மரத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நீலகிரியிலும் பழனி மலையிலும் பெருமளவில் நட்டனர். எங்கே நட்டனர் தெரியுமா? மலையுச்சிப் புல்வெளிகளிலே நட்டனர். அவையும் பயனற்ற வெறுநிலம் என்றே எண்ணப்பட்டன. இன்று அம்மரங்கள் தாமே பரவி, வரையாடு மேயும் புல்வெளிகளை விழுங்கி நிற்கின்றன. சமவெளியில் ஒரு காட்டுச் செடி மதிப்பிழந்ததும், மலைமேல் ஒரு புல்வெளி அழிந்ததும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் ஆயின.

ஆவாரை அழிந்துபோகும் நிலையில் உள்ள செடியா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சாலையோரங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் அது இன்னும் ஏராளமாக உண்டு. இல்லாத ஆபத்தைச் சொல்லி உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற நகரங்களைச் சுற்றிலும் காலிமனைகள் வீடுகளாகின்றன, வேலிகள் சுவர்களாகின்றன, எஞ்சிய புறம்போக்கில் சீமைக் கருவேலும் பார்த்தீனியமும் இடம் பிடிக்கின்றன. அதனால் நகரத்துப் பிள்ளைகள் ஆவாரம்பூவைச் செடியில் காண்பது அரிதாகிவிட்டது. பொங்கலுக்கு முதல் நாள் சந்தையில் வாங்கும் கட்டிலே மட்டும் அதனைக் காண்கின்றனர். அந்தக் கட்டும் எவ்வாறு வருகிறது? பூவோடும் மொட்டோடும் கிளை கிளையாக ஒடித்து வருகிறது. ஒடித்த கிளையில் காய் தோன்றாது. காய் இல்லையேல் விதை இல்லை. ஒரு பூ நம் வழிபாட்டில் இருந்து, நம் நிலத்தில் இல்லாமற் போனால், அந்த வழிபாடு நாளடைவில் வெறும் சடங்காகிவிடும் அல்லவா?

இனி வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். இதற்குப் பெரிய தோட்டம் வேண்டியதில்லை. நான்கடி அகலமும் முழு வெயிலும் கிடைக்கும் ஓர் இடம் போதும்.

முதலாவது, விதை. ஆவாரங்காய் தட்டையாக, மெல்லிய தோலுடன், மூன்று நான்கு அங்குல நீளம் இருக்கும். பழுப்பு நிறமடைந்து, அசைத்தால் உள்ளே ஒலி எழும்பும் பருவத்தில் அதனைப் பறியுங்கள். ஒரு செடியிலுள்ள காய் முழுவதையும் பறிக்கலாகாது. பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, பெரும்பங்கை நிலத்துக்கே விட்டுவிடுங்கள். தனியார் நிலமாயின் உரியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டில் நிற்கும் செடியை வேரோடு பிடுங்கி வருவது கூடவே கூடாது. பிடுங்கினாலும் அது பிழைப்பது அரிது.

இரண்டாவது, விதையை எழுப்புதல். எழுப்புதல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆவார விதை உண்மையாகவே உறங்குகிறது. அதன் மேலோடு நீர் புகாதவாறு மிகக் கடினமானது. வறண்ட நாட்டுச் செடிக்கு இது ஒரு தற்காப்பு. விதைகள் அனைத்தும் ஒரே மழையில் முளைத்துவிட்டு, அடுத்த மழை பொய்த்தால் பூண்டோடு அழிந்துபோகுமல்லவா? ஆதலால் ஓடு தேயத் தேயச் சில விதைகள் இவ்வாண்டும், சில விதைகள் வரும் ஆண்டுகளிலும் முளைக்கும். நமக்கோ அவ்வளவு பொறுமை இல்லை. ஆகையால் நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, விதைகளின் மேல் ஊற்றி, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். இதனைப் பெரியவர்கள் உடனிருக்கச் செய்யுங்கள். காலையில் ஊறிப் பருத்த விதைகளை எடுத்து விதைக்கலாம். பருக்காதவற்றை மணலோடு சேர்த்துத் தேய்த்து, மீண்டும் ஊற வைக்கலாம்.

மூன்றாவது, மண். மண்புழு உரமும் வண்டல் மண்ணும் தேடி அலைய வேண்டா. செவ்வல், சரளை, மணல் கலந்த மண் எதுவும் ஏற்றதே. நீர் தேங்குவதே இதற்குப் பகை. ஆகவே இடம் சற்று மேடாக இருக்கட்டும்.

நான்காவது, விதைக்கும் பருவமும் முறையும். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் சிறந்தவை. அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். ஆவாரை இளமையிலேயே ஆணிவேரை ஆழமாக இறக்கிவிடும் செடி. எனவே, நிற்கப்போகும் இடத்திலேயே நேரே விதைப்பது நல்லது. பையில் வளர்ப்பதானால் உயரமான பையைப் பயன்படுத்தி, வேர் அடியில் சுருளும் முன்னரே மாற்றி நடுங்கள். செடிக்குச் செடி ஐந்தடி இடைவெளி வேண்டும்.

ஐந்தாவது, பராமரிப்பு. முதற் கோடையில் மட்டும் வாரம் ஒரு முறை நன்கு நனையும்படி நீர் ஊற்றுங்கள். பிறகு மழையே போதும். அன்பு மிகுதியால் நாள்தோறும் நீரூற்றினால் வேர் அழுகக் கூடும். எரு மிகுந்தால் தழை மிகுந்து பூக் குறையும். பூக்கள் புதிய தளிர்களின் நுனியில் தோன்றுவதால், ஆண்டுக்கு ஒரு முறை, காய்கள் முற்றிய பின், கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள். செடி வடிவாக நிற்கும். அடுத்த மழைக்குப் பின் நிறையப் பூக்கும். ஆடு மாடுகள் இதனை விரும்பித் தின்பதில்லை. மேய்ச்சல் நிலத்திலே ஆவாரை பிழைத்திருக்கும் இரகசியம் அதுவே.

செடி பூத்த பின் உங்கள் உண்மையான பாடம் தொடங்குகிறது. காலையில் ஒரு குறிப்பேட்டுடன் செடியருகே அமருங்கள். பூவில் பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். அவை ஒரே அளவினவாக இரா. மேலே உள்ள மூன்று மலடானவை. நடுவில் உள்ளவை நடுத்தரமானவை. கீழே உள்ள மூன்று நீண்டு வளைந்தவை. இப்பூவில் தேன் இல்லை. வண்டுக்குப் பரிசு மகரந்தமே. அம்மகரந்தமும் எளிதிற் கிட்டாது. உப்புக் குப்பியைப் போல மகரந்தப்பையின் நுனியில் ஒரு சிறு துளையே இருக்கும். கருநிறத் தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, தன் உடலை அதிர வைக்கும். ரீங்காரம் ஒன்று எழும். துளை வழியே மகரந்தம் தூவும். நடுத்தரத் தாள்களிலிருந்து அது தன் உணவைத் திரட்டும்போதே, நீண்ட தாள்களின் மகரந்தம் அதன் உடலில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்கு அதனை அறியாமலே கொண்டு சேர்க்கும். உணவுக்குச் சில தாள்கள், தூதுக்குச் சில தாள்கள் என்று பூ வேலைப்பிரிவினை செய்துகொண்டிருக்கிறது!

வெளிர்மஞ்சளும் வெளிர்பச்சையும் கலந்த சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரை இனச் செடிகளின் இளந்தளிரில் முட்டையிடும். பச்சைப் புழுக்கள் சில இலைகளைக் கடித்தால் உடனே மருந்து தெளிக்க ஓடாதீர்கள்; பத்து இலைகளைக் கொடுத்து ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பெறுவது நட்டமான வாணிகமன்று. சிற்றிலைகளுக்கு இடையேயுள்ள சிறு சுரப்பிகளை எறும்பு நாடுகிறதா, இரவில் இலைகள் எந்நிலையில் இருக்கின்றன, சூல்தண்டு எப்பக்கம் வளைந்திருக்கிறது என்பவற்றை நீங்களே கண்டு குறியுங்கள். ஐயம் தோன்றினால், கோவையிலேயே 1955-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. அங்குள்ள உலர்தாவரத் தொகுதியில் தென்னாட்டுச் செடிகளின் மாதிரிகள் பேணப்படுகின்றன. ஆசிரியர் வாயிலாக அனுமதி பெற்று அதனைக் காண முயலுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒன்று, மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை அன்று. அதே சென்னா இனத்தைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மரம் அழகுக்காக அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து கொணரப்பட்டது. அது இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை மறைத்துவிட்டது. அதனை அகற்ற வனத்துறையினர் அரும்பாடு படுகின்றனர். உண்ணிச்செடியும் தோட்டத்து அழகுச் செடியாக இந்நாட்டினுள் நுழைந்ததே. ஆகையால் விதையை எடுக்கும்போதே செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். இலைக்காம்பின் அடியிலுள்ள காதுகளைத் தேடுங்கள். மற்றொன்று, ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று ஒரு பழமொழி உண்டு. அது இச்செடியின்பால் நம் மக்களுக்கிருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது. மருத்துவரின் இடத்தை நிரப்புவதற்காகச் சொல்லப்பட்டதன்று. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டுப் பூவை நாடுவது பேதைமை.

தானாக வளரும் செடியைத் தோட்டத்தில் ஏன் வளர்க்க வேண்டும் என்று சிலர் உங்களைக் கேட்பர். அவர்களிடம் சொல்லுங்கள்: தானாக வளர்வதற்கு இடம் இருந்தவரையில் அது தானாக வளர்ந்தது, இப்போது இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம், ஆதலால் இடம் தருவதும் நம் கடமையாயிற்று. ஒரு வீட்டுத் தோட்டம் ஒரு கொறங்காட்டுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் ஆவாரையைத் தன் கையால் வளர்த்த மாணவன், பிற்காலத்தில் பொறியாளனாகவோ அலுவலனாகவோ ஒரு புல்வெளியின் முன் நிற்கும்போது, அதனைத் தரிசு என்று எழுதுமுன் ஒரு கணம் தயங்குவான். அத்தயக்கம் ஒரு புல்வெளியைக் காத்தாலும் காக்கலாம்.

ஆகவே, வரும் பருவமழைக்கு முன் ஒவ்வொரு பள்ளியிலும் ஐந்து விதைகளேனும் ஊன்றுங்கள். எல்லாம் நன்றாக அமைந்தால், ஒரு தைப்பொங்கலில் உங்கள் வீட்டுக் காப்புக் கட்டுக்கு வேண்டிய பூவை உங்கள் செடியிலிருந்தே கொய்வீர்கள். அப்போது கிளையை ஒடிக்காமல் பூங்கொத்தை மட்டும் கொய்யுங்கள். சில கொத்துகளைத் தேனீக்கும் விதைக்குமாக விட்டுவையுங்கள்.